வாங்கில் இல்லாதவர்கள்

சிலாபத்தில் பல்கலைக்கழகம் இல்லை. உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, பெயர் பட்டியலில் ஏறிவிட்டால் இந்த ஊர்ப் பிள்ளை பெட்டி கட்ட வேண்டியதுதான். கிட்டத்தில் இருப்பது வயம்பப் பல்கலைக்கழகம். அதன் குளியாப்பிட்டி, மாகந்துர வளாகங்கள் தென்னந்தோட்டங்களைத் தாண்டிக் குருநாகல் மாவட்டத்துக்குள் இருக்கின்றன. உடப்பிலோ முன்னேசுவரத்திலோ தமிழில் படித்த பிள்ளை யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில், பேராதனை என்று எங்கும் போகலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 17 அரச பல்கலைக்கழகங்கள் உண்டு; போய்ச் சேரும் இடத்தை இசட் புள்ளியும் மாவட்டக் கோட்டாவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

அந்த நாள்வரை அந்தப் பிள்ளையின் பெயர் ஏதாவதொரு சுகாதாரப் பதிவேட்டில் இருந்தே வந்தது. தாய் வயிற்றில் இருந்தபோதே குடும்பநல மாதின் கொப்பியில் ஏறியது. பிறந்ததும் தனக்கென்று ஒரு சுகாதார விருத்திப் பதிவேடு கிடைத்தது. நிறை, உயரம், தடுப்பூசி எல்லாம் அதில் இருக்கும். பாடசாலைக் காலத்தில் சுகாதார வைத்திய அதிகாரியின் குழு வந்து 1, 4, 7, 10ஆம் தரங்களில் கண், பல், நிறை பார்த்துவிட்டுப் போனது. பிறகு திருமணமாகி ஒரு வீட்டில் குடியேறும்போது அந்தப் பகுதிக் குடும்பநல மாது 'தகுதியுள்ள குடும்பங்கள்' பதிவேட்டில் மறுபடி பெயரை எழுதுவார். நடுவில் உள்ள ஆறேழு ஆண்டுகளில்தான் பெயர் எங்கும் இல்லை. அந்த ஆண்டுகள் சாதாரணமானவை அல்ல. மனநோய்களில் முக்கால்வாசி 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லர் குழு 2005இல் வெளியிட்ட பெரிய ஆய்வு காட்டியது.

பல்கலைக்கழகத்தில் சுகாதார நிலையம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. வைத்திய அதிகாரி, தாதி, மருந்து கொடுக்கும் யன்னல், வெளியே ஒரு நீள வாங்கு. அந்த வாங்கில் வந்து உட்காரும் மாணவரின் பெயரும் பதியப்படுகிறது. இந்த அத்தியாயம் அங்கே உட்காராத மாணவரைப் பற்றியது. அவரை எண்ணாமல் அந்தச் சேவை நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது என்பது என் கட்சி.

வைத்தியசாலைக்கு வந்தவரை எண்ணுவது ஒன்று, ஊரை எண்ணுவது வேறொன்று. சிலாபப் பகுதி இந்த வித்தியாசத்தைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பெரிய விலை கொடுத்துக் கண்டிருக்கிறது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. சிலாபத்துக்குச் சற்று வடக்கே கடலில் விழும் தெதுரு ஓயாவும் மாவட்டத்தின் தெற்கெல்லையில் உள்ள மகா ஓயாவும் ஓட்டம் குன்றி, மணற்படுகையில் குட்டை குட்டையாகத் தேங்கின. வெயில் படும் தெளிந்த நீர்த்தேக்கம்தான் அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் நுளம்புக்குப் பிடித்த இடம். ஆண்டு முடிவதற்குள் மலேரியா கொள்ளைநோயாகக் கிளம்பியது. சுமார் 55 இலட்சம் பேர் வாழ்ந்த தீவில் 1935இன் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்கள் போயின.

அந்தக் காலத்து மலேரியா வைத்தியர்களிடம் மருந்தகப் பதிவேடு தவிர இன்னொரு அளவும் இருந்தது: மண்ணீரல் வீதம். ஒரு கிராமப் பாடசாலைக்குப் போவார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். மலேரியா திரும்பத் திரும்ப வந்த உடம்பில் மண்ணீரல் வீங்கியிருக்கும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்பதே வீதம். பஞ்சாபின் கால்வாய்ப் பகுதிகளில் டெம்ப்ஸ்டர் என்ற வைத்தியர் 1840களில் தொடங்கிய முறை இது. இலங்கையில் 1920களில் எச். எஃப். கார்ட்டர் இதை வைத்துத்தான் மலேரியாவின் படத்தை வரைந்தார். 'உனக்குக் காய்ச்சலா?' என்று யாரையும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தார்கள். மருந்தகத்துக்கு நடக்க முடியாதவரும் நாட்டு வைத்தியரிடம் போனவரும் சும்மா படுத்துக் கிடந்தவரும் இந்தக் கணக்கில் விழுந்தார்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. 1934இல் மோசமாக அடிபட்ட ஆற்றோரப் பகுதிகள் பெரும்பாலும் மண்ணீரல் வீதம் குறைவாக இருந்தவை. நோய் அடிக்கடி வராததால் மக்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. படத்தில் நல்ல நிறம் பூசப்பட்ட இடமே ஆபத்தான இடமாகிப் போனது. எண் சரி, அதை வாசித்த விதத்தில்தான் கோளாறு. மாணவர் சுகாதாரத்திலும் இதே கதை வேறு உடையில் வரும்.

இப்போது பல்கலைக்கழகப் பதிவேட்டைத் திறப்போம். கடந்த ஆண்டு இத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள், இத்தனை பேருக்குத் தடிமன், இத்தனை பேருக்கு வயிற்றுவலி, இத்தனை பேரை அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பினோம் என்று இருக்கும். சேவையின் தரத்தை எப்படி அளப்பது என்று முதலில் ஒழுங்காக யோசித்தவர்களில் முக்கியமானவர் அவெடிஸ் டொனபீடியன். பெய்ரூத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஆர்மீனியர். 1966இல் எழுதிய கட்டுரையில் மூன்று இடங்களில் பார்க்கச் சொன்னார்: அமைப்பு, செயல்முறை, விளைவு. கட்டிடம், ஆள், மருந்து, வாகனம் எல்லாம் அமைப்பு. வந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்களா என்பது செயல்முறை. அவர் குணமானாரா என்பது விளைவு.

நம்முடைய நிறுவனங்களுக்கு அமைப்பை எண்ணப் பிடிக்கும், ஏனென்றால் அதைத் திறந்துவைக்க நாடா வெட்டலாம். விளைவை எண்ணுவது கேட்க நன்றாக இருந்தாலும் மாணவர் விடயத்தில் கைகொடுக்காது. இருபது வயதில் மரணம் அபூர்வம். ஒரு வளாகத்தில் ஓர் ஆண்டு மரணமே இல்லை, அடுத்த ஆண்டு இரண்டு என்றால் சேவை கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சிறிய எண்கள் அப்படித்தான் துள்ளும். ஆகவே இந்த வயதினருக்குச் செயல்முறைதான் நம்பகமான அளவு. அதற்கு டெங்குவை விட நல்ல உதாரணம் இந்தக் கரையோரத்தில் கிடைக்காது.

2017இல் இலங்கையில் 1,86,101 டெங்கு நோயாளர் அறிவிக்கப்பட்டார்கள். இந்தக் காய்ச்சலின் குணம் தெரிந்ததுதான்: முதல் சில நாள் உடம்பு கொதிக்கும், பிறகு காய்ச்சல் இறங்கும். சிலருக்கு அந்த இறக்கத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து திரவம் கசியத் தொடங்கி, அடுத்த 24 முதல் 48 மணி நேரம் உயிராபத்தாகிவிடும். அதனால்தான் காய்ச்சலின் மூன்றாம் நாள் முழு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். பனடோல் போதும், இபுபுரூஃபன், டைக்குளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் வேண்டாம் என்கிறார்கள். இனி விடுதியில் இருக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். புதன் இரவு காய்ச்சல். வியாழன் அறைத்தோழி இரண்டு பனடோல் கொடுக்கிறாள். வெள்ளிக்கிழமை விரிவுரை முடிய, 'வீட்டுக்குப் போனா அம்மா பார்த்துக்கொள்ளுவா' என்று பஸ் ஏறுகிறாள். சனிக்கிழமை சிலாபத்தில் காய்ச்சல் விட்டுவிடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஞாயிறு வாந்தியும் வயிற்றுவலியும் வந்து சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஓடுகிறார்கள்.

பல்கலைக்கழகப் பதிவேட்டில் இந்த மாணவி எங்கே? எங்குமில்லை. ஆனால் கடித்த நுளம்பு விடுதித் தண்ணீர்த் தொட்டியடியில் பிறந்திருக்கலாம். டெங்கு சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். வைத்தியசாலையின் அறிவித்தல் பெரும்பாலும் நோயாளி சொல்லும் வீட்டு விலாசத்தைப் பார்த்து அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும், பரிசோதகர் சிலாபத்து வீட்டுப் பின்வளவில் சிரட்டை தேடுவார். விடுதி சுத்தமாகத் தெரியும். மண்ணீரல் வீதம் குறைந்த கிராமத்தைப் போலவே.

இதற்கான செயல்முறை அளவு ஒரே வரிதான்: இந்த அரையாண்டில் மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் கண்ட மாணவர்களில் எத்தனை பேருக்கு மூன்றாம் நாள் இரத்தம் பார்க்கப்பட்டது? கீழ்த்தொகையில் சுகாதார நிலையத்துக்கு வந்தவர் மட்டுமல்ல, காய்ச்சல் கண்ட எல்லோரும் இருக்க வேண்டும். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் வாங்கைக் கொஞ்சம் கவனிப்போம், ஏனென்றால் வராததற்கான காரணம் பாதி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

காத்திருக்கும் நேரத்தை அளக்க மணிக்கூடு வைத்து ஒவ்வொருவரையும் துரத்த வேண்டியதில்லை. ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961இல் நிறுவிய ஒரு விதி உண்டு: சராசரியாக வரிசையில் நிற்பவர் எண்ணிக்கை, வருகையின் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். மணிக்கு 20 பேர் வருகிறார்கள், வாங்கில் எப்போது பார்த்தாலும் சராசரியாக 15 பேர் என்றால், ஒருவர் முக்கால் மணி நேரம் காத்திருக்கிறார். ஒரு மாணவர், ஒரு பேனை, ஒரு வாரம் போதும். விதியின் அழகு என்னவென்றால், வைத்தியர் ஒருவர் வேகமானவரா மெதுவானவரா, வருபவர் கூட்டமாக வருகிறாரா ஒவ்வொருவராக வருகிறாரா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. நீண்ட காலச் சராசரி எடுத்தால் சரி.

ஆனால் அந்த முக்கால் மணி எந்த முக்கால் மணி என்பதை விதி சொல்லாது. சுகாதார நிலையம் அலுவலக நேரத்தில் திறந்திருக்கும். விரிவுரையும் ஆய்வுகூடமும் அதே நேரத்தில்தான். வரவு 80 வீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று பல பீடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். காய்ச்சலோடு வாங்கில் உட்காருவதா, காய்ச்சலோடு வகுப்பில் உட்காருவதா என்று கேட்டால் மாணவர் எதைத் தேர்வார் என்று ஊகிக்க ஆராய்ச்சி வேண்டாம்.

இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. பரீட்சை நெருங்கினால் வாங்கு நிரம்பி வழியும். பரீட்சைக்கு வராமல் விட்டதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும், வெளியே எடுத்த சான்றிதழையும் பல்கலைக்கழக வைத்திய அதிகாரி ஏற்க வேண்டும். மாணவர் மொழியில் 'மெடிக்கல் போடுறது'. இதனால் வருகைப் பட்டியலின் சிகரம் நோயின் சிகரத்தைக் காட்டாமல் பரீட்சை அட்டவணையைக் காட்டும். வைத்திய அதிகாரியின் நிலையும் சங்கடம்தான்: காலையில் நம்பிக்கைக்குரிய வைத்தியர், மதியம் சந்தேகப்பட வேண்டிய பரிசோதகர். இரண்டு தொப்பியும் ஒரே தலையில் இருக்கும்வரை, மனம் உடைந்துபோன ஒரு மாணவன் அந்தக் கதவைத் தட்டுவதற்கு இரண்டு முறை யோசிப்பான். சான்றிதழ் வேலையைச் சிகிச்சையிலிருந்து பிரித்து வேறோர் ஆளிடமோ, குறைந்தது வேறொரு நேரத்திலோ வைப்பதுதான் நான் அறிந்தவற்றில் மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய சீர்திருத்தம்.

தரத்தை அளக்கச் சொன்னால் நிர்வாகம் முதலில் செய்வது திருப்தி ஆய்வு. இதற்கு ஒரு புகழ்பெற்ற கருவி இருக்கிறது, அதன் பின்னால் ஒரு பழக்கமான பெயரும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் சந்தைப்படுத்தல் பேராசிரியரான ஏ. பரசுராமன், வலரி ஸைதாம்ல், லெனார்ட் பெரி ஆகியோருடன் சேர்ந்து 1988இல் வெளியிட்ட சேர்வ்குவால் அளவுகோல். வங்கி, கடனட்டை நிறுவனம் போன்றவற்றின் சேவையை வைத்து உருவானது. இன்று உலகமெங்கும் வைத்தியசாலைகளிலும் பயன்படுகிறது. 22 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் எதிர்பார்த்தது என்ன, கண்டது என்ன என்று இரண்டு புள்ளி. கண்டதிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வரும் இடைவெளிதான் தரம்.

கெட்டிக்காரத்தனமான கணக்கு. ஆனால் கழித்தலில் ஒரு வழுக்கல் இருக்கிறது. எதிர்பார்ப்பு தரையில் கிடந்தால் இடைவெளி இல்லாமலேயே போகும். 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணத்தை நீக்கிய நாடு இது. இலவசமாகக் கிடைப்பதைக் குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாம். 'திருப்திதான் சேர்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். சிங்களம் சரளமாக வராத உடப்புப் பிள்ளை, வைத்தியர் தன் மொழியில் விளக்குவார் என்று எதிர்பார்க்கவே இல்லை என்றால், விளக்காதது ஒரு குறையாகப் பதியாது. இதைவிடப் பெரிய குறை: படிவம் யன்னலடியில்தான் கொடுக்கப்படுகிறது. ஒருமுறை வந்து மனம் வெறுத்துப் போனவர் திரும்ப வரமாட்டார், அவர் கையில் படிவமும் போகாது. சேவை மோசமாக மோசமாக, பொறுமைசாலிகள் மட்டும் மிஞ்சி, திருப்தி வீதம் ஏறிக்கொண்டே போகவும் கூடும்.

ஆகவே வாங்கை விட்டு எழுந்து மாணவர் இடாப்பிடம் போக வேண்டும். இங்கேதான் பல்கலைக்கழகத்துக்கு எந்த நகரத்துக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. சிலாபம் நகர சபை எல்லைக்குள் இன்று இரவு உறங்கும் ஒவ்வொருவரின் பெயரும் யாரிடமும் இல்லை. பல்கலைக்கழகப் பதிவாளரிடம் ஒவ்வொரு மாணவரின் பெயரும் பதிவிலக்கமும் பீடமும் ஆண்டும் இருக்கிறது. குடும்பநல மாது வீடு வீடாக நடந்து உண்டாக்கிய பட்டியல் இங்கே கணினியில் தயாராகக் கிடக்கிறது.

அந்த மாதின் பதிவேட்டுக்கு இந்த இடத்தில் மரியாதை செலுத்த வேண்டும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்தது அவர் வேலை. கிளினிக்குக்கு வந்த கர்ப்பிணிகளை மட்டும் அவர் எண்ணுவதில்லை. தன் பகுதியில் யார் கர்ப்பிணி என்று தெரிந்துவைத்துக்கொண்டு, வராதவரின் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். 1930களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000ஐத் தாண்டிய தாய்மரணம், 2010களில் 40க்குக் கீழே வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. வராதவரைத் தேடிப் போகும் அந்தப் பழக்கம் அவற்றில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எல்லா மாணவரையும் கேட்க வேண்டுமா? வேண்டாம். இடாப்பிலிருந்து குலுக்கல் முறையில் 400 பேரை எடுத்தால், எந்த வீதத்தையும் சுமார் 5 புள்ளி கூடக்குறையச் சொல்லிவிடலாம். வளாகத்தில் 5,000 பேர் இருந்தாலும் 12,000 பேர் இருந்தாலும் இந்தப் பிழை அநேகமாக மாறாது. பலருக்கு நம்ப முடியாத, ஆனால் உறுதியான கணிதம். குலுக்கல் என்பதுதான் உயிர். வாட்ஸ்அப் குழுவில் கூகிள் படிவம் ஒன்றை எறிந்துவிட்டு 1,500 பேர் பதில் தந்தார்கள் என்று மார்தட்டுவது வேறு சங்கதி. 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. அவற்றை வைத்து, வேட்பாளர் லாண்டன் ஜனாதிபதியாவார் என்றது அது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். அந்த 400 பேரில் பதில் தராத கடைசி 50 பேரைத் தேடிப் பிடிப்பது, புதிதாக ஆயிரம் பேரைச் சேர்ப்பதைவிடப் பெறுமதியானது. வாங்குக்கும் வராமல் படிவத்துக்கும் பதில் சொல்லாமல் இருப்பவர் அநேகமாக ஒரே ஆள்தான்.

கேள்விகள் எளிமையாகவே இருக்கலாம். கடந்த நான்கு வாரங்களில் வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிய நிலை வந்ததா? பார்த்தீர்களா? எங்கே? பார்க்கவில்லையென்றால் ஏன்? காய்ச்சல் மூன்று நாள் தாண்டியதா, இரத்தம் பார்த்தீர்களா? டெங்குக் கணக்கின் கீழ்த்தொகை இப்படித்தான் கிடைக்கிறது. 'ஏன்' என்ற கேள்விக்கு வரும் பதில்களில் நிர்வாகம் விரும்பாதவையும் இருக்கும். 1997இல் பேராதனையில் பகிடிவதைக்குப் பின் பொறியியல் பீட மாணவர் ஒருவர் இறந்தார். அடுத்த ஆண்டு 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. ஆனால் முழங்கால் வீங்கிய ஒரு முதலாம் ஆண்டு மாணவனுக்குச் சட்டத்தைவிடப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் ஆண்டு அண்ணன்தான் நிஜம். 'விழுந்திட்டன்' என்று சொல்வதுகூடக் கஷ்டம் என்றால் அவன் வரவேமாட்டான்.

மனநலம் பற்றி உலக அளவில் நல்ல தரவு இருக்கிறது. எட்டு நாடுகளின் 19 கல்லூரிகளில் முதலாம் ஆண்டு மாணவர் 13,984 பேரிடம் உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கடந்த 12 மாதங்களில் ஏதாவதொரு பொதுவான மனநலப் பாதிப்பின் அறிகுறிகள் இருந்தன. இனிமேல் மனக்கஷ்டம் வந்தால் நிச்சயம் உதவி தேடுவேன் என்றவர்கள் 24.6 வீதம்தான். மற்றவர்கள் சொன்ன முக்கிய காரணங்கள்: நானே சமாளிப்பேன், நண்பரிடம் பேசிக்கொள்வேன், வெட்கமாக இருக்கிறது. வாங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த முக்கால்வாசிப் பேர் அதில் உட்காரப் போவதில்லை.

அதற்காக எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து 'மனச்சோர்வு உள்ளவர்' பட்டியல் போடக் கிளம்புவதும் ஆபத்து. பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் 2001இல் வந்தது, சிங்களத்திலும் பரிசோதிக்கப்பட்டது. 27க்கு 10 புள்ளி பெற்றால் மேலும் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். மூல ஆய்வின்படி அது நோயுள்ள நூறு பேரில் 88 பேரைப் பிடிக்கும். நோயில்லாத நூறு பேரில் 88 பேரைச் சரியாக விட்டுவிடும். கேட்க அருமையாக இருக்கிறது. 1,000 மாணவர், உண்மையில் 100 பேருக்கு மனச்சோர்வு என்று வையுங்கள். 88 பேர் பிடிபடுவார்கள். மிச்ச 900 பேரில் 12 வீதம், அதாவது 108 பேர், நோயில்லாமலே மாட்டுவார்கள். பட்டியலில் உள்ள 196 பேரில் பாதிக்கும் அதிகமானோர் தவறாகச் சேர்க்கப்பட்டவர்கள். கருவி மோசமானதல்ல, நோய் சிறுபான்மையாக இருக்கும் எந்தக் கூட்டத்திலும் இதுதான் நடக்கும். ஆகவே புள்ளி என்பது ஓர் உளவளத்துணையாளர் உட்கார்ந்து பேசுவதற்கான அழைப்பு மட்டுமே. ஒன்பதாவது கேள்வி தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 'ஆம்' வந்த தாள் மேசையில் ஒரு வாரம் கிடக்கும் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்காமலே விடலாம். அன்றைக்கே கூப்பிட ஒரு ஆள் இருக்க வேண்டும். இல்லாத நேரத்துக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமாவது தாளின் தலையில் அச்சாகியிருக்க வேண்டும்.

மேம்படுத்துவதற்கு இலங்கைக்குள்ளேயே பாடம் உண்டு. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டளவில் பணிப்பாளர் வைத்தியர் விமல் கரந்தகொட ஜப்பானிய ஐந்து 'எஸ்' முறையைப் புகுத்தினார்: தேவையற்றதை அகற்று, இருப்பதை ஒழுங்காக வை, துப்புரவாக வை, நியமமாக்கு, பழக்கமாக்கு. பெரிய பணமில்லாமல் ஒரு அரசாங்க வைத்தியசாலையின் முகமே மாறியது. ஜப்பானின் ஜைக்கா உதவி நிறுவனம் அந்த அனுபவத்தை ஆபிரிக்க நாடுகளுக்குக் கொண்டுபோனது. மருந்து அலுமாரியில் தேடும் நேரம், பழைய கோப்பைத் தோண்டும் நேரம் எல்லாம் இதனால் குறையும், வாங்கு சுருங்கும். ஆனால் சேவைக்குள் இருப்பதைத் துடைத்து மினுக்கும் முறை இது. வெளியே இருப்பவர் உள்ளே வர வேறு மாற்றங்கள் வேண்டும்: வாரத்தில் இரண்டு மாலை திறந்துவைப்பது, தமிழ் பேசும் ஒருவர் இருக்கும் நேரத்தைக் கதவில் எழுதிவைப்பது, வெள்ளிக்கிழமை காய்ச்சலோடு பஸ் ஏறுபவர் கையில் 'மூன்றாம் நாள் இரத்தம் பார்க்கவும்' என்று நாளும் குறித்த சீட்டைக் கொடுப்பது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, வாராவாரம் ஒரு புள்ளி குறித்து, கோடு உண்மையில் நகர்கிறதா அல்லது வழக்கமான ஆட்டம்தானா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறியும் வரைபடத்தை பெல் நிறுவனத்தின் வால்ட்டர் ஷூவார்ட் 1924இலேயே தொலைபேசிப் பாகங்களுக்காக வரைந்துவிட்டார்.

இங்கே நிர்வாகத்தை ஒரு விடயத்தில் முன்கூட்டியே தயார்படுத்த வேண்டும். 5,000 மாணவர் உள்ள ஒரு கற்பனை வளாகத்தில் 500 பேருக்கு மனச்சோர்வு என்று வைப்போம். பதிவேட்டில் ஆண்டுக்கு 40 பேர். சேவை நல்லதாகி, பயம் குறைந்து, அடுத்த ஆண்டு 120 பேர் வருகிறார்கள். பதிவேட்டை மட்டும் பார்க்கும் பத்திரிகையாளருக்கு இது 'வளாகத்தில் மனச்சோர்வு மும்மடங்கு'. உபவேந்தர் கலங்குவார், அடுத்த ஆண்டு எண்ணிக்கை குறைய வேண்டும் என்பார், அதுவும் சுலபமாகக் குறையும். இடாப்பிலிருந்து எடுத்த கணக்கு கையில் இருந்தால் மட்டுமே தேவையுள்ளவர்களில் சேவை எட்டியவர்கள் 8 வீதத்திலிருந்து 24 வீதமாகியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியும்.

கடைசியாக ஒரு தேவை. அது எந்தக் காலத்திலும் தானாக வாங்குக்கு வராது. மலேரியா நீண்ட காலம் வாழ்ந்த நிலங்களில் தலசீமியா மரபணு தங்கிவிட்டது, ஏனென்றால் அதை ஒற்றையாகக் காவுபவருக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. இலங்கையில் தலசீமியாவின் பாரம் அதிகமாக உள்ள பகுதிகளில் வடமேல் மாகாணமும் ஒன்று. குருநாகலில் அதற்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் இருக்கிறது. காவிக்கு எந்த நோயும் இல்லை. இரண்டு காவிகள் மணம் செய்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு, பிள்ளை வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டியதாகப் பிறக்கும். காவியா என்று சந்தேகிக்கச் சாதாரண முழு இரத்தப் பரிசோதனையே போதும்: செங்குழியத்தின் சராசரிப் பருமனும் அதிலுள்ள ஹீமோகுளோபின் அளவும் குறைந்திருந்தால் அடுத்த பரிசோதனைக்கு அனுப்பலாம். இருபது வயது, திருமணத்துக்கு முன், பெயர்ப்பட்டியல் தயார். இதைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் இல்லை.

வழியும் ஏற்கெனவே திறந்திருக்கிறது. புதிதாக அனுமதி பெறும் மாணவர் மருத்துவப் பரிசோதனைப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். மாணவர் எல்லோரையும் அளப்பது பழைய யோசனைதான். அமெரிக்காவின் அம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் எட்வர்ட் ஹிட்ச்கொக் 1861இலிருந்து பல பத்தாண்டுகள் ஒவ்வொரு மாணவரின் நிறையும் உயரமும் மார்பளவும் எடுத்து எழுதிவைத்தார். அவர் எழுதியதைத் தொகுத்து வெளியிட்டார். நம் படிவம் கோப்பில் போய்ப் படுத்துக்கொள்வதுதான் அதிகம். அதில் உள்ள ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு பற்றிய வரிகளைத் தொகுத்தாலே இந்த ஆண்டு எந்த மருந்து எவ்வளவு வாங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இரத்தப் பரிசோதனையைச் சேர்ப்பதானால் இரண்டு நிபந்தனைகளை எழுத்தில் வைக்க வேண்டும். விரும்பாதவர் மறுக்கலாம், மறுத்ததால் அனுமதிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. பெறுபேறு மாணவரின் கைக்கு மட்டும் போகும்; பீடத்துக்கோ பெற்றோருக்கோ கலியாணம் பேசி வருபவருக்கோ போகாது. நிலையம் வைத்துக்கொள்வது எத்தனை பேர் பார்த்தார்கள், அவர்களில் எத்தனை பேர் குருநாகலுக்கு அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேர் போனார்கள் என்ற மூன்று எண்களை மட்டும்.